லீக்ஸும் மலைநாட்டு அடுப்பும் (நீளமான த்ரெட்)

லண்டன்ல இருக்கிற என் சித்தி நேத்து வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினாங்க. வெட்டுப்பலகை மேல நாலு லீக்ஸ். வெள்ளைத் தண்டு ஒரு பக்கம், பச்சை இலை எல்லாம் இன்னொரு பக்கம் குவியல். கீழே ஒரு கேள்வி: "யூடியூப்ல பச்சையை வெட்டி எறியச் சொல்றாங்களே தம்பி, அது விஷமா?"

விஷமில்லை சித்தி. "எறியாதீங்க"ன்னு ஒரு வரியில பதில் போட்டிருக்கலாம். ஆனா கை சும்மா இருக்கல. நம்ம மலைநாட்டுல லீக்ஸ் எப்படி வந்துச்சு, அதை யார் சத்தான சாப்பாடா மாத்தினாங்க, இப்ப அதை யார் சாப்பிடுறாங்க, யார் சாப்பிடல... இதை எல்லாம் சொல்லாம அந்தக் கேள்விக்குப் பதில் முழுமையா இருக்காது.

கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டுக்கிட்டு வாங்க. (அந்த டீயை ஏன் சாப்பாட்டோட குடிக்கக் கூடாதுன்னு கடைசியில வரும்.)

முதல்ல செடி. லீக்ஸ் வெங்காயக் குடும்பம். ஆனா வெங்காயம் மாதிரி அடியில உருண்டையாக் கட்டாது. நாம தண்டுன்னு சொல்றது உண்மையில தண்டே இல்லை. ஒன்னுக்குள்ள ஒன்னாச் சுருண்டு நிக்கிற இலைகளோட அடிப்பகுதி. செடி வளர வளர விவசாயி மண்ணை அணைச்சுக்கிட்டே வருவார். மண்ணுக்குள்ள வெளிச்சம் படாத பகுதி வெளுத்துப் போகும். அதுதான் அந்த வெள்ளை. வெள்ளையும் பச்சையும் ஒரே இலைதான், ஒன்னு இருட்டுல வளர்ந்தது, மத்தது வெயில்ல வளர்ந்தது.

இலைக்கு நடுவுல மண் சிக்கியிருக்கிறதும் இதனாலதான். முழுசா வச்சுக் கழுவினா போகாது. நீட்டுக்கு ரெண்டாப் பிளந்து, பைப் தண்ணியில இலையை விரிச்சுக் கழுவணும்.

வெயில் பட்ட பகுதியிலதான் வைட்டமின் ஏ ஆகிற கரோட்டின் வகைகளும் வைட்டமின் கே-யும் கூடுதல். இனிப்பும் மிருதுவும் வெள்ளையில. அதனால நாக்கை மட்டும் பார்த்துச் சமைக்கிற பெரிய ஓட்டல்கள் வெள்ளையை எடுத்துக்கிட்டு பச்சையை சூப் சட்டிக்கோ குப்பைக்கோ அனுப்பிச்சாங்க. சித்தி பார்த்த யூடியூப் அந்தப் பரம்பரை.

பழைய கதையை ஓட்டமா சொல்லிடறேன். எகிப்துல பல ஆயிரம் வருஷமா இதோட சொந்தக்காரச் செடிகளைச் சாப்பிடுறாங்க. பைபிள்ல எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்துல, பாலைவனத்துல அலைஞ்ச மக்கள் எகிப்து சாப்பாட்டை நினைச்சு அழுவாங்க: மீன், வெள்ளரி, வெங்காயம், பூண்டு... அந்த வரிசையில ஆங்கிலத்துல லீக்ஸ்னு இருக்கிற இடத்துல, நம்ம பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'கீரை'ன்னு போட்டிருக்கு. எபிரேய மூலச் சொல்லுக்கு புல், பசுமைன்னும் பொருள் உண்டு. எனக்கு இந்தத் தமிழ்ச் சொல் ரொம்பப் பிடிக்கும். லீக்ஸை வெங்காயமா நினைச்சா வெள்ளையைத் தேடுவோம். கீரையா நினைச்சா பச்சையை எறிய மனசு வராது.

ரோமாபுரிச் சக்கரவர்த்தி நீரோ, குரல் நல்லா இருக்கணும்னு மாசத்துல சில நாள் எண்ணெயில லீக்ஸ் மட்டும் சாப்பிட்டாராம். ஊர்ல அவருக்கு 'லீக்ஸ் தின்னி'ன்னே ஒரு பட்டப்பேர். குரலுக்கு அதனால ஒன்னும் ஆகாது. ஆனா பாருங்க, 'இதைச் சாப்பிட்டா அது சரியாகும்'ங்கிற ஃபார்வர்டு அப்பவே இருந்திருக்கு.

வேல்ஸ் நாட்டுல லீக்ஸ் தேசிய அடையாளம். மார்ச் 1, அவங்க தாவீது புனிதர் நாள்ல சட்டையில குத்திக்குவாங்க. அங்க 'கவ்ல்'னு ஒரு கஞ்சி மாதிரியான சூப், இறைச்சித் துண்டும் லீக்ஸும் கிழங்கும் ஒரே சட்டியில. பனிக்காலத்துல மத்ததெல்லாம் செத்துப் போனாலும் லீக்ஸ் தோட்டத்துல நிக்கும். ஏழைக்குக் குளிர்காலத்துல கிடைச்ச பச்சை அது.

இப்ப நம்ம மலைக்கு வருவோம்.

நுவரெலியாவை இன்னைக்கு எல்லாரும் குதிரைப் பந்தயம், ஏப்ரல் சீசன், பூந்தோட்டம்னு நினைக்கிறோம். அந்த ஊரை வெள்ளைக்காரன் கட்டினது ஆஸ்பத்திரிக்காக. கண்டி ராச்சியம் 1815ல போச்சு. அதுக்கப்புறம் வந்த வருஷங்கள்ல தாழ்நிலக் காய்ச்சல் வெள்ளைச் சிப்பாய்களை வாரிக்கிட்டுப் போச்சு. 1819ல ராணுவ டொக்டர் ஜோன் டேவி இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். (மயக்க வாயுவையும் சுரங்க விளக்கையும் ஆராய்ஞ்ச ஹம்ப்ரி டேவியோட தம்பி.) வெள்ளைக்காரப் புத்தகங்கள்ல 'கண்டுபிடிச்சார்'னு இருக்கும். ஊர் ஆளுங்களுக்கு அந்த இடம் அதுக்கு முன்னாடியே தெரியும், அது வேற விஷயம்.

6,000 அடிக்கு மேல குளிர். அங்க காய்ச்சல் வரல. 'கெட்ட காத்து' இல்லைன்னு நினைச்சாங்க. நுளம்புதான் மலேரியாவைக் கடத்துதுன்னு ரொனால்ட் ரொஸ் 1897லதான் காட்டினார். அந்தக் குளிர்ல அந்த நுளம்பும் கிருமியும் தாக்குப் பிடிக்காது. காரணம் தெரியாமலே சரியான முடிவு எடுத்த மருத்துவக் கதைகள்ல இது ஒன்னு. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்துல, 1820களின் கடைசியில, சிப்பாய்கள் உடம்பு தேற ஒரு சுகநிலையம் அங்க வந்துச்சு.

அப்படித் தேற வந்தவர்ல ஒருத்தர் சாமுவேல் பேக்கர். பின்னாடி நைல் நதி மூலத்தைத் தேடிப் போன அதே ஆள். காட்டுக் காய்ச்சலுக்கு நுவரெலியா வந்து, ரெண்டு வாரத்துல எழுந்து நடந்தார். இவ்வளவு நல்ல காத்து இருக்கு, ஆனா நல்ல சாப்பாடு கிடைக்கலையேன்னு யோசிச்சார். இங்கிலாந்து போய் 1848ல திரும்பி வந்தார், தனியா இல்லை: குடும்பம், பண்ணை மேற்பார்வையாளர், கொல்லன், மாடு, ஆடு, வேட்டை நாய், விதை, ஏர், வண்டின்னு ஒரு கிராமத்தையே கப்பல்ல ஏத்திக்கிட்டு. கொண்டு வந்த குதிரை வண்டி மலைப்பாதையில பள்ளத்துல உருண்டது. போட்ட பயிரைப் புழுவும் காட்டு மிருகமும் தின்னுச்சு. எரு போடாம இந்த மலை மண் ஒன்னும் தராதுன்னு அவர் காசை இழந்துதான் படிச்சார். (இந்தப் பாடம் 2021ல ஒரு தடவை திரும்ப வரும்.) 1855ல ஊரை விட்டே போயிட்டார். ஆனா இங்கிலாந்து மரக்கறி இந்த மலையில விளையும்ங்கிற நம்பிக்கை மட்டும் போகல.

கோவா, கரட், பீட்ரூட், லீக்ஸ் எல்லாம் இந்த மாதிரி வழியில வந்து தங்கினதுதான். 1885ல ரயில் நானுஓயாவுக்கு வந்தப்புறம் மலை மரக்கறி கொழும்புக்கு இறங்குறது சுலபமாச்சு. சிங்களத்துலயும் லீக்ஸ், தமிழ்லயும் லீக்ஸ். ஒன்னே ஒன்னு வாங்கினாலும் லீக்ஸ்தான். அந்த 'ஸ்' பன்மைன்னு நம்மள்ல யாரும் கவலைப்பட்டதில்லை.

சரி, சாப்பிட்டது யாரு? பங்களாவுல சூப்பா சாப்பிட்டாங்க. அந்தப் பங்களாவுல சமைச்ச ஆளு, தோட்டம் கொத்தின ஆளு, பக்கத்து மலையில கோப்பி நட்டு, கோப்பி நோயில அழிஞ்சப்புறம் தேயிலை நட்ட ஆளு, பெரும்பாலும் தென்னிந்தியாவுல இருந்து வந்த நம்ம முன்னோர். அவங்களுக்குக் கிடைச்ச லீக்ஸ் ஒழுங்கா வெட்டிக் கட்டின லீக்ஸ் இல்லை. வளைஞ்சது, சின்னது, இலை கிழிஞ்சது. லயத்து அடுப்புல அது சூப்பாகல. கடுகு, செத்தல் மிளகாய், கருவேப்பிலை, வெங்காயத்தோட எண்ணெயில விழுந்துச்சு. பருப்புல விழுந்துச்சு. நெத்தலிக் கருவாட்டோட சேர்ந்துச்சு. பச்சையும் வெள்ளையும் சேர்த்து மெல்லிசா அரிஞ்சு. சிங்கள வீடுகள்ல மாசித் தூள் போட்டு 'தெம்பராது' பண்ணினாங்க, அதுலயும் பச்சை சேர்த்துத்தான்.

எந்தச் சத்துப் புத்தகமும் பார்த்து அவங்க இதைச் செய்யல. எறிய மனசு வராததால செஞ்சாங்க. ஆனா ஒரு டொக்டரா அந்தச் சட்டிக்குள்ள பார்த்தா ஆச்சரியம்தான். இலையில இருக்கிற கரோட்டினும் வைட்டமின் கே-யும் கொழுப்புல கரையுறது, எண்ணெய்த் தாளிதம் அதை உடம்புல சேர்க்குது. பருப்புல புரதம். கருவாட்டுல இன்னும் நல்ல புரதமும் சுண்ணாம்புச் சத்தும். இலையில இருக்கிற இரும்பு லேசுல உடம்புல சேராது. கருவாடு கொஞ்சம் சேர்ந்தாலும், தேசிக்காய் பிழிஞ்சாலும் அது கூடுதலா ஏறும்.

இந்த இடத்துல ரெண்டாம் உலகப் போரைக் கொண்டு வரணும். ஒரே போர் ரெண்டு ஊர் அடுப்பை எப்படி மாத்துச்சுன்னு பாருங்க.

பிரிட்டன்ல சமையலுக்கு வெங்காயம் பெரும்பகுதி வெளியில இருந்துதான் வந்துச்சு, முக்கியமா பிரான்ஸோட பிரிட்டனி கரையிலயும் ஜெர்சி பக்கத்துத் தீவுகள்ல இருந்தும். 1940 ஜூன், ஜூலையில ரெண்டையும் ஜெர்மன்காரன் பிடிச்சுட்டான். வெங்காயம் காணாமப் போச்சு. பிறந்தநாள் பரிசா ஒத்தை வெங்காயம் குடுக்கிற நிலைமை. அப்ப அரசாங்கம் வீட்டுத் தோட்டத்துல லீக்ஸ் போடச் சொல்லித் துண்டுப் பிரசுரம் அடிச்சுச்சு. பூங்கா, விளையாட்டு மைதானம் எல்லாம் மரக்கறிப் பாத்தி ஆச்சு.

உணவு அமைச்சுக்கு அறிவியல் ஆலோசகரா இருந்தவர் ஜாக் டிரம்மண்ட்னு ஒரு உயிர்வேதியியல் பேராசிரியர். வைட்டமின் ஏ, பி, சி-ன்னு எழுத்து வச்சுக் கூப்பிடலாம்னு 1920ல சொன்னவரே அவர்தான். அவரோட ஆளுங்க வீட்டுப் பெண்களுக்குச் சொன்னது ராக்கெட் அறிவியல் இல்லை. மரக்கறியைக் கொஞ்சத் தண்ணியில, மூடி போட்டு, கொஞ்ச நேரம் வேகவை. வெந்த தண்ணியைக் கொட்டாதே, சூப்புக்கோ குழம்புக்கோ ஊத்து. வெந்ததும் சாப்பிடு, அடுப்புல கிடக்க விடாதே.

ஏன் தண்ணி முக்கியம்? பச்சை லீக்ஸ் 100 கிராம்ல ஃபோலேட் சுமார் 64 மைக்ரோகிராம், வைட்டமின் சி சுமார் 12 மில்லிகிராம். அதையே அவிச்சுத் தண்ணியை வடிச்சுட்டா ஃபோலேட் 24, வைட்டமின் சி 4 ஆகிடும். மிச்சம் சூட்டுல கொஞ்சம் அழிஞ்சது, பெரும்பகுதி நீங்க சிங்க்ல ஊத்தினது.

கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மலிவுப் பால், தோடம்பழச் சாறு, மீன் எண்ணெய்னு தனியாக் குடுத்தாங்க. குண்டு விழுந்துக்கிட்டு இருந்த நாட்டுல, போர் முடியும்போது குழந்தை இறப்பு போருக்கு முன்னாடி இருந்ததைவிடக் குறைவு. எல்லாம் சாப்பாட்டால மட்டும் இல்லை, ஆனா சாப்பாட்டுக்கு அதுல பெரிய பங்கு. பசி நேரத்துல யாருக்கு முதல்ல குடுக்கணும்னு ஒரு அரசாங்கம் முடிவு எடுத்து, செஞ்சும் காட்டுச்சு.

அதே போர், அதே அரசாங்கம், அப்ப அவங்க கையில இருந்த நம்ம இலங்கை. நம்ம அரிசியில பாதிக்கு மேல வெளியில இருந்து வந்தது, முக்கியமா பர்மாவுல இருந்து. 1942 மார்ச்சுல ரங்கூன் விழுந்துச்சு, ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்புல ஜப்பான்காரன் குண்டு போட்டான். அரிசிக்கு ரேஷன் வந்துச்சு. அரிசி குறைஞ்ச இடத்தை நிரப்ப வந்தது கோதுமை மா. போர் முடிஞ்சுச்சு, மா போகல. இன்னைக்கும் லயத்துல காலையில ரொட்டி, மலைக்குக் கட்டிக்கிட்டுப் போறது ரொட்டி, ராத்திரியும் பல வீட்டுல ரொட்டி. நம்ம பாட்டன் காலத்துல இருந்து வந்த பழக்கம்னு சொல்வாங்க. அவ்வளவு பழசில்லை.

ரொட்டி தப்பில்லை. பக்கத்துல என்ன இருக்குங்கிறதுதான் கேள்வி. பருப்பும் லீக்ஸும் இருந்தா அது சாப்பாடு. வெறும் சம்பலும் டீயும்னா அது வயித்தை மட்டும் நிரப்பும்.

அந்தப் பக்கத்துச் சட்டி எத்தனை தடவை காலியாச்சுன்னு எங்க அப்பாயி தலைமுறைக்குத் தெரியும். 1948ல குடியுரிமை போச்சு, அடுத்த வருஷம் ஓட்டும் போச்சு. ஓட்டு இல்லாத ஜனத்தோட பசி எந்த அமைச்சர் மேசைக்கும் போகாது. 1973, 74ல உலகச் சந்தையில தானிய விலை ஏறி, இங்க மாவும் அரிசியும் சுருங்கினப்போ, தோட்டங்கள்ல இறப்பு விகிதம் சட்டுனு ஏறுச்சு. அதைப் பஞ்சம்னு யாரும் அதிகமா எழுதல. எங்க அப்பா தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். அந்த வருஷம் வகுப்புல மயங்கி விழுந்த பிள்ளைகளை எண்ணிச் சொல்லுவார். கொஞ்சம் சொல்லிட்டு எழுந்து வெளியில போயிடுவார்.

இதுல ஒரு முரண் இருக்கு. அதே 70கள்லதான் இறக்குமதிக் கட்டுப்பாட்டால மலை மரக்கறிக்கு நல்ல காலம் வந்துச்சு. கிழங்கு, கரட், லீக்ஸ் போட்டவங்க கையில காசு பார்த்தாங்க. கந்தப்பளை, மீப்பிலிமான, வெலிமட பக்கம் பாத்தி பாத்தியா ஏறுச்சு. ராத்திரி லொறி கொழும்புக்கு, பின்னாடி தம்புள்ளைக்கு. கொத்து ரொட்டிக்கு லீக்ஸ், ஃபிரைட் ரைஸுக்கு லீக்ஸ், முக்கோண மரக்கறி ரொட்டிக்குள்ள கிழங்கும் லீக்ஸும். வெள்ளைக்கார நோயாளிக்காக வந்த மரக்கறி, நாடு முழுக்கத் தெருக்கடைத் தகரத்துல சத்தம் போட ஆரம்பிச்சுது.

2021 மே மாசம் ரசாயன உரம் இறக்குமதியை ஒரே நாள்ல தடை பண்ணினாங்க. நவம்பர்ல கைவிட்டாங்க. பேக்கர் காசு குடுத்துப் படிச்ச பாடத்தை மலை விவசாயி திரும்பக் காசு குடுத்துப் படிச்சார். அடுத்த வருஷம், 2022 செப்டம்பர்ல, கொழும்புல உணவு விலை முந்தின வருஷத்தைவிடக் கிட்டத்தட்ட 95% கூட. தோட்டத் தொழிலாளிக்கு வருஷக்கணக்காப் போராடி 2021லதான் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆகியிருந்துச்சு. அந்த ஆயிரத்துக்கு என்ன ஆச்சுன்னு கணக்குப் போட்டுக்கோங்க.

இப்ப இந்த த்ரெட் எழுத வச்ச விஷயம்.

2016ல நாடு முழுக்க எடுத்த மக்கள் சுகாதாரக் கணக்கெடுப்பு. 5 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைகள்ல வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க நாடு முழுக்க 17%. தோட்டப் பகுதியில மட்டும் 32%. மாவட்டமாப் பார்த்தா எல்லாத்தையும் விட மோசம் நுவரெலியா. நாட்டுக்கே மரக்கறி போடுற மாவட்டம்.

உயரம் குறைஞ்சா என்ன, நம்ம ஆளுங்க பரம்பரையே குள்ளம்தானேன்னு படிச்சவங்களே எங்கிட்ட சொல்லியிருக்காங்க. இல்லை. 5 வயசுக்குள்ள பிள்ளைகள் வளர்ற வேகம் எந்த இனத்துலயும் பெரிசா மாறாது, சாப்பாடும் சுத்தமும் கிடைச்சா. குறைஞ்ச உயரம் வெறும் உயரம் இல்லை. அதே காலத்துல மூளையும் வளருது. அம்மாவுக்கு இரத்தம் குறைவா இருக்கும்போதே கதை ஆரம்பிச்சுடுது.

மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்னுல வேலை செஞ்ச காலத்துல கர்ப்பிணி கிளினிக்குல ஒரு அக்காவைப் பார்த்தேன். ரெண்டாவது பிள்ளை, ஆறு மாசம். ஹீமோகுளோபின் 7.9. மிஸ்ஸி இரும்பு மாத்திரைக் கார்டைக் காட்டினாங்க, ஒழுங்காத்தான் எடுத்திருக்கு. என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டேன். ரொட்டி, சம்பல், டீ. மாத்திரை எதோட? டீயோட.

கீரை, மரக்கறி ஒன்னும் இல்லையான்னு கேட்டேன். காலையில கொழுந்து, மத்தியானத்துக்கு மேல பக்கத்துல ஒருத்தர் தோட்டத்துல லீக்ஸுக்குக் களை எடுக்கப் போறதாச் சொன்னாங்க. லயத்துக்குப் பின்னாடி சொந்தமாவும் நாலு பாத்தி லீக்ஸ் இருக்காம்.

"அப்ப அதைச் சமைக்கிறதில்லையா அக்கா?"

"அது விக்கிறதுக்கு டொக்டர்."

எனக்கு அதுக்கு மேல அறிவுரை வரல. 'சத்தான உணவு உண்ணவும்'னு கார்டுல எழுதுறது சுலபம். அந்த லீக்ஸ் வித்த காசுலதான் மூத்த பிள்ளையோட கொப்பி, பஸ் காசு. சாப்பிடத் தெரியாம இல்லை. அவங்க மாமியார் காலத்துல அதே லயத்துல லீக்ஸ் பருப்பு சமைச்சவங்கதான். விலை ஏற ஏற, விக்கிற கட்டும் சாப்பிடுற கட்டும் ஒன்னாகிடுச்சு.

கடைசியில மிஸ்ஸிதான் வழி சொன்னாங்க. அவங்களும் அந்தப் பக்கத்து ஆளு. "லொறிக்கு அனுப்ப முன்னாடி மேல இலையை வெட்டுவீங்கல்ல, அதை என்ன பண்றீங்க?" மாட்டுக்குப் போடுறாங்களாம், மிச்சம் எருக்குழிக்கு. கட்டு ஒரே அளவா இருக்கணும்னு வெட்டுற அந்தப் பச்சை நுனி, விக்கிற எடையில சேராதது. வாடினது, பழுத்தது, மருந்து அடிச்சுக் கொஞ்ச நாள்தான் ஆனதை எல்லாம் விட்டுட்டு, நல்ல இலையா எடுத்து நல்லாக் கழுவி, பருப்புல போடச் சொன்னாங்க. மாத்திரையைத் தண்ணியோட, டீக்கு ஒரு மணி நேரம் தள்ளின்னு நான் சேர்த்துக்கிட்டேன். லண்டன் யூடியூப் எறியச் சொன்ன அதே பகுதி.

லீக்ஸ் இலை சாப்பிட்டு இரத்தம் ஏறுச்சுன்னு எழுத மாட்டேன். மாத்திரை வேலை செஞ்சது, டீயைத் தள்ளி வச்சதால கூடுதலா வேலை செஞ்சது. கர்ப்பிணிக்கு நாளைக்கு 600 மைக்ரோகிராம் ஃபோலேட் வேணும். 100 கிராம் லீக்ஸ் அதுல பத்துல ஒரு பங்குதான். லீக்ஸ் மருந்து இல்லை. ரொட்டியும் டீயுமா இருந்த தட்டுல பருப்பும் இலையும் வந்து சேர ஒரு வழி, அவ்வளவுதான்.

அந்தப் பருப்பை நம்ம வீட்டுல எப்படிச் செய்யிறோம்னு சொல்லிடறேன். நாலு பேருக்கு ஒரு கப் மைசூர்ப் பருப்பு (காஞ்ச பருப்பு 100 கிராம்ல சுமார் 24 கிராம் புரதம்). மஞ்சள், ரெண்டு பச்சை மிளகாய், நாலு பல்லுப் பூண்டு போட்டு, பருப்பு மூழ்கி விரல்கடை மேல நிக்கிற அளவு தண்ணியில வேகவைங்க. தண்ணியை வடிக்கிற பேச்சே இல்லை. ரெண்டு பெரிய லீக்ஸைப் பிளந்து கழுவி, பச்சையைத் தனியா, வெள்ளையைத் தனியா மெல்லிசா அரிங்க. பச்சை வேக நேரம் எடுக்கும். பருப்பு முக்கால் வேக்காட்டுல பச்சையைப் போட்டு மூடி, அஞ்சு நிமிஷம் கழிச்சு வெள்ளையைப் போடுங்க. இன்னொரு அஞ்சு நிமிஷம். கடைசியில கொஞ்சம் கட்டித் தேங்காய்ப் பால், உப்பு. தனியா எண்ணெயில கடுகு, செத்தல் மிளகாய், கருவேப்பிலை, நெத்தலிக் கருவாடு பொரிய விட்டு மேல கொட்டுங்க. இறக்கி, கொதி அடங்கினப்புறம் அரைத் தேசிக்காய். அடுப்புல இருக்கும்போது பிழிஞ்சா வைட்டமின் சி-யில கொஞ்சம் வீணாப் போகும், கைப்பும் வரும்.

பிரஷர் இருக்கிறவங்க கருவாட்டை வெந்நீர்ல ஊற வச்சு ரெண்டு தடவை அலசிட்டுப் போடுங்க, உப்பைக் கையோட குறைச்சுடுங்க. கருவாடு பிடிக்காதவங்க இறக்கும்போது ரெண்டு முட்டை உடைச்சு ஊத்திக் கிளறலாம். பிள்ளைகளுக்கு ரொட்டி மாவு பிசையும்போதே பொடியா அரிஞ்ச பச்சையைத் தேங்காய்ப்பூவோட சேர்த்துடுங்க. எடுத்துப் போட முடியாது, அவ்வளவு ஒட்டிக்கும்.

ரெண்டு எச்சரிக்கை. வார்ஃபரின் குடிக்கிறவங்க (இதய வால்வு மாத்தினவங்க, இரத்தக் கட்டி வந்தவங்கள்ல பலர்): பச்சை லீக்ஸ்ல வைட்டமின் கே இருக்கிறதால மாத்திரையோட வேலையைக் குறைக்கலாம். அதுக்காக இலையையே விட்டுடாதீங்க. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்னுமே இல்லைன்னு ஆட்டம் காட்டாம, எப்பவும் ஒரே மாதிரி அளவு. பெரிசா மாத்தப் போறீங்கன்னா கிளினிக்குல முதல்ல சொல்லுங்க.

வெங்காயம், பூண்டு சாப்பிட்டா வயிறு ஊதிக்கிறவங்களுக்கு லீக்ஸும் சேராம இருக்கலாம். ஊத வைக்கிற ஃபிரக்டான் மாச்சத்து வெள்ளையிலதான் நிறைய. பச்சையில குறைவு. அவங்க பச்சையை மட்டும் வச்சுக்கிட்டு, வெள்ளையைப் பக்கத்து வீட்டுக்குக் குடுங்க. யூடியூப்புக்கு நேர் எதிர்.

டீ விஷயம் சொல்லிட்டேன், ஆனா திரும்பவும் கேட்பீங்க: தேயிலையில இருக்கிற டனின் மாதிரிப் பொருட்கள் இலை, பருப்புல இருக்கிற இரும்பைப் பிடிச்சுக்கும், உடம்புல ஏற விடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. தேயிலை பறிக்கிற கைக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது எனக்குக் கஷ்டம்தான்.

சித்திக்கு இதுல பாதியை வொயிஸ் மெசேஜா அனுப்பிட்டேன். பதில் இப்பத்தான் வந்துச்சு. பச்சை எல்லாம் ஏற்கனவே தொட்டிக்குள்ள போயிடுச்சாம். சனிக்கிழமை திரும்ப வாங்குறாங்களாம், அங்க மைசூர்ப் பருப்பு எந்தக் கடையில கிடைக்கும்னு எங்கிட்டக் கேட்கிறாங்க. லண்டன்ல இருக்கிறவங்க யாராவது கீழே சொல்லுங்க.